குஸ்தொனாச்சிக் குகையில் நத்தார்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த வாயாடியா படிப்பிக்கப் போகிறாள்? பிள்ளைகள் பாவம்" என்று சிரித்தார். பாசையூரில் இந்த முறை கூத்து மேடையேறுமா என்பதை மட்டும் நீ எழுதவில்லை.

இங்கே சிசிலியின் பலெர்மோவில் நத்தாருக்கு வீடு நிறைய ஆட்கள். பாரிஸிலிருந்து தங்கச்சி குடும்பம், ஜேர்மனியிலிருந்து மனைவியின் தமையன் குடும்பம். எல்லாரையும் கார்களில் ஏற்றிக்கொண்டு குஸ்தொனாச்சிக்குப் போனோம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கே கடலோர மலையடிவாரத்தில் மாஞ்சப்பானே என்றொரு குகை. வாசலே எழுபது மீட்டர் உயரம் இருக்கும். உள்ளே ஒரு குறிச்சியே இருக்கிறது: சின்னச் சின்னக் கல்வீடுகள், அடுப்படி, தொழுவம். அந்தப் பெயருள்ள குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அங்கேயே வாழ்ந்ததாம். நாம் அட்டையும் வைக்கோலும் வைத்துக் கட்டுகிற பாலன் குடிலை இவர்கள் மெய்யான வீடுகளில் மெய்யான மனிதரை இருத்திச் செய்கிறார்கள். 1983இல் தொடங்கியதாம். அந்த ஆண்டைக் கேட்டதும் மைத்துனர் என்னைப் பார்த்தார். நம்மவர் வீடுகள் எரிந்த ஆண்டில் இவர்கள் ஆளொழிந்த வீடுகளுக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மகளுக்கு இப்போது நான்கு வயது. எதைப் பார்த்தாலும் மெய்யா பொய்யா என்று கேட்கிற பருவம். கார் முழுக்க மனைவி அவளுக்குப் பெத்லகேம் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். இடையில் அம்மா புகுந்து, "கண்ணனும் இப்படித்தான், பிறந்த அன்றே ஊரைவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்" என்று தொடங்க, மடு மாதா கோவிலுக்கு நடந்தே போன பரம்பரையில் வந்த என் மனைவியின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்கிற புனிதையின் குகைக்கு வெறுங்காலோடு ஏறுகிற சைவக்காரி அவர்.

உள்ளே போனதும் சின்னவள் விசாரணையைத் தொடங்கினாள். கழுதை? மெய். பெரிய செப்புக் கிடாரத்தில் கொதிக்கிற பால்? மெய். இடையன் ரிக்கோத்தா என்கிற பாற்கட்டியைச் சுடச்சுட அள்ளிப் பாண் துண்டின்மேல் ஊற்றிக் கொடுத்தான். ஊதி ஊதித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். மரியாளிடம் போய், "இது உன்னுடைய பிள்ளையா?" என்று இத்தாலியனில் உரத்துக் கேட்டாள். வரிசையே சிரித்தது. மரியாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென்று தலையாட்டினாள். இவள் நம்பவில்லை, கழுதையிடம் திரும்பிப் போய்விட்டாள். மனைவிக்கு மனக்குறைதான். எனக்கு அப்படி இல்லை. 1223இல் கிரெச்சோவில் அசிசி நகர் பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தபோது வைக்கோலும் மாடும் கழுதையும்தான் வைத்தார் என்று படித்திருக்கிறேன். பிள்ளை வேடத்துக்கு யாரையும் தேடவில்லை.

ஆனால் நான் உனக்கு எழுத நினைத்தது அம்மாவைப் பற்றி. ஒரு வாசற்படியில் கிழவர் ஒருவர் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். இந்தக் குன்றுகளில் தானாகவே முளைக்கிற குட்டைப் பனையின் ஓலை. அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு யாரையும் கேட்காமல் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து ஓர் ஓலையை எடுத்தார். விரலால் நீவினார், நகத்தால் கீறி ஒரே அகலத்தில் வார்ந்தார், நான்கு இழையை மாற்றி மாற்றிக் கோத்தார். கிழவர் தன் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்தார். ஓரம் மடிக்கிற இடத்தில் இருவருக்கும் முறை வேறு. அவர் தலையை ஆட்டி மறுத்தார். அம்மா தமிழில் அதட்டினார். அவர் சிசிலியனில் ஏதோ சொன்னார். சண்டையா சிநேகமா என்று எங்களுக்கு விளங்கவில்லை. சின்னவள் வந்து கிழவரிடம், "நீ மெய்யா?" என்றாள். "மெய்தான். கோடையிலும் இதைத்தான் செய்கிறேன்" என்றார் அவர்.

பிள்ளைக்காகத்தான் டிக்கெட் எடுத்தோம். மைத்துனர் அதன் விலையைச் சொல்லிச் சொல்லியே வந்தார். ஆனால் இருட்டியபிறகும் கிளம்ப மறுத்தவர் அம்மாதான். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவரை ஏதோ ஒன்று தெரியாதவராகவே எல்லாரும் நடத்தியிருக்கிறோம், நான் உட்பட. மொழி தெரியாது, பஸ் தெரியாது என்று. அன்றைக்கு ஒருவர் அவரிடம் தொழிலைப் பற்றி வாதாடினார்.

தங்கச்சியின் மாமியார் சித்திரையில் யாழ்ப்பாணம் வருகிறார். அவரிடம் ஒரு நல்ல பனையோலை நீத்துப்பெட்டியும் நாலைந்து பனங்கட்டிக் குட்டானும் கொடுத்துவிடு. பெட்டி அந்தக் கிழவருக்காம், ஓரம் எப்படி மடிப்பது என்று காட்ட வேண்டுமாம். பனங்கட்டி பேத்திக்கு என்று அம்மா எழுதச் சொன்னார். தின்னப்போவது யார் என்று உனக்குத் தெரியும்.

கூத்துச் செய்தியை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்