சோவியத் ஐந்தாண்டுத் திட்டம் பற்றி வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு

தோழர்களே, வணக்கம்.

உங்கள் வகுப்புகளில் மக்னிதகோர்ஸ்க் உருக்காலை வருகிறது, ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை வருகிறது, நீப்பர் அணை வருகிறது. 1932-33 பஞ்சம் மட்டும் "சில தவறுகளும் நடந்தன" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1926 கணக்கெடுப்பின்படி சோவியத் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தார். புரட்சியில் பண்ணையார் நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள். ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரம் வாங்கத் தானியம் விற்றாக வேண்டும். அரசு வைத்த விலைக்கு விவசாயி தர மறுத்தான். 1928 ஜூலையில் கட்சியின் மத்தியக் குழுவில் ஸ்டாலினே ஒளிக்காமல் சொன்னார்: தொழில் வளர்ச்சிக்காக விவசாயி கப்பம் போன்ற ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். விவசாயிகளின் நிலத்தையும் மாட்டையும் ஒன்றாகச் சேர்த்த கூட்டுப்பண்ணை அந்தக் கப்பத்தை வசூலிக்க வசதியான ஏற்பாடு. வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டாம், ஒரே களத்தில் அள்ளிவிடலாம்.

குலாக், அதாவது பணக்கார விவசாயி, என்று முத்திரை குத்தி 1930-31இல் மட்டும் சுமார் 18 லட்சம் பேரைக் குடும்பத்தோடு உரால், சைபீரியா என்று அனுப்பினார்கள். மக்னிதகோர்ஸ்க்கில் உலை கட்டியவர்களில் அவர்கள் பல்லாயிரம் பேர். படம் காட்டும்போது அவர்களையும் காட்டலாமே.

கூட்டுப்பண்ணைக்குக் கொடுப்பதைவிட மாட்டை வெட்டித் தின்பதே மேல் என்றார்கள் விவசாயிகள். குதிரைகளோ 1929இல் 3.4 கோடி, 1933இல் 1.66 கோடி. 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலின் வாசித்த அறிக்கையில் உள்ள கணக்கு இது. வந்த டிராக்டர்களில் பெரும்பகுதி செத்த குதிரைகளுக்கு ஈடுகட்டவே சரியாய்ப் போனது. "ஹிட்லர் வந்துகொண்டிருந்தான், வேறு வழியில்லை" என்பவர்களுக்கு ஒன்று: கூட்டுப்பண்ணையைத் திணிக்கத் தொடங்கிய 1929இல் ஹிட்லர் ஆட்சியிலேயே இல்லை.

1932 ஆகஸ்ட் 7 சட்டப்படி கூட்டுப்பண்ணை விளைச்சலைத் திருடினால் மரண தண்டனை. நீதிமன்றம் இரக்கம் காட்டினால் குறைந்தது பத்தாண்டு சிறை. வயலில் கதிர் பொறுக்கியவர்கள்கூட அதில் சிக்கினார்கள். கூடுதல் நெல் கூலி கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றதை மறக்காத இயக்கம் உங்களுடையது. இந்தச் சட்டத்தை எப்படித் தாண்டிப் போகிறீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் டிசம்பரில், நகரத்தில் வசிக்கத் தேவையான உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. பெரும்பாலான கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குக் கிடையாது. அடுத்த மாதம் உக்ரைனிலிருந்தும் தெற்கு ரஷ்யாவின் குபானிலிருந்தும் பசித்தவர்கள் வெளியேற முடியாதபடி வழியடைத்தார்கள். உக்ரைனில் 35 லட்சம் பேருக்குக் குறையாமல், கசக்ஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர் செத்தார்கள். 1932இலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1937 கணக்கெடுப்பில் ஆள் குறைந்திருப்பது தெரிந்ததும் முடிவை முடக்கி, எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள். விவசாயியை மடக்கப் பழகிய போலீஸ்தான் பிறகு நகரத்திலும் கதவு தட்டியது.

அடுத்த வகுப்பில் எஃகு உற்பத்தி அட்டவணைக்குப் பக்கத்திலேயே தானியக் கொள்முதல், ஏற்றுமதி, கால்நடை எண்ணிக்கை மூன்றையும் போடுங்கள். எல்லாம் சோவியத் ஆவணங்களிலேயே இருக்கின்றன, சி.ஐ.ஏ. கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. எழுந்து கேள்வி கேட்கும் பிள்ளையைத் 'திரிபுவாதி' என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

தோழமையுடன்,
உங்கள் வெளியீடுகளின் நீண்டகால வாசகர்