நேரடி ஃபைபர் இணைப்பு யாருக்குத் தேவை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் கடை, சிப்காட்டில் கிடங்கு என்று இரண்டு இடத்தில் தொழில் நடத்துபவர்கள் சிலர், "ரெண்டு பக்கமும் உங்க ஃபைபர்தானே, அப்புறம் ஏன் ஃபைல் போக இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இப்போது உங்களிடம் இருப்பது பகிர்வு இணைப்பு. எங்களிடமிருந்து வரும் ஒரு ஃபைபர் இழையை, ஒளியைப் பங்கிடும் ஸ்பிளிட்டர் வைத்து 32 பேருக்குப் பிரிக்கிறோம். இறங்கும் பக்கம் (உங்களுக்கு வருவது) எல்லோருக்கும் சேர்த்து மொத்தமே விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், ஏறும் பக்கம் (நீங்கள் அனுப்புவது) அதில் பாதி. கடையில் அனுப்பும் ஃபைல் இழைக்குள் ஒளியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மின்சாரமாக மாறி, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் கடந்து, மறுபடி ஒளியாகிக் கிடங்குக்குக் கிளம்புகிறது. ஏறும் பக்கத்தில் அவரவர் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். தாமதத்துக்குத் தூரம் காரணமில்லை. இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 20 கிலோமீட்டர் என்பது அதற்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான்.

நேரடி இணைப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு இழை முழுக்க உங்களுக்கே. எங்கள் அலுவலகம் வழியாகப் போனாலும் இழையோடு இழை சேர்ப்பதோடு சரி, ஒளி எங்கும் மின்சாரமாக மாறாது. எங்களுக்குக் கரண்ட் போனாலும் உங்கள் வேலை நிற்காது. போக 1310, வர 1550 நானோமீட்டர் என்று ஒளிக்கு இரண்டு அலைநீளம் (இரண்டு நிறம் மாதிரி) இருப்பதால் ஒரே இழை போதும். பிறகு வேகம் கூட்ட வேண்டுமானால் இரு முனைக் கருவிகளை மாற்றினால் ஆயிற்று, கேபிளைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வழியில் மங்கும் ஒளியைத் தூக்கிவிட நடுவில் எதுவும் கிடையாது. 1310 நானோமீட்டர் ஒளியில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் (ஒளி குறைவதை அளக்கும் அலகு) இழப்பு. 10 கிலோமீட்டரில் 3.5. வெறும் 3 டெசிபல் போனாலே ஒளி பாதியாகிவிடும். அதன்மேல் ஒவ்வொரு ஜாயிண்டும் கனெக்டரும் தன் பங்குக்குக் குறைக்கும். அதனால் பல இடத்தில் அறுந்து ஒட்டிய பழைய கேபிளில் இதைத் தர மாட்டோம். இழையில் ஒளி எங்கே, எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்து முழுத் தூரமும் அளந்து, அந்த அறிக்கையை உங்கள் கையில் கொடுத்த பிறகே பணம் வாங்குவோம்.

இன்னொன்று, இழை ஒன்றுதான். 2011 தானே புயலை நம் ஊர் மறக்கவில்லை. கம்பம் சாய்ந்தால் இதுவும் அறும். பகிர்வு இணைப்பையும் மாற்றுவழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கும் ஒற்றைக் கடைக்கும் இது வேண்டாம், வீண் செலவு. இரண்டு கிளைக்கு நடுவே நாள் முழுக்கக் கேமரா காட்சி, ஸ்கேன் படம், பில்லிங் என்று ஓடுகிறவர்கள் மட்டும் இரண்டு முகவரியையும் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். கேபிள் போகும் பாதையைப் பார்த்து, முடியுமா முடியாதா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பிராட்பேண்ட் நிலையத்தார்,
மஞ்சக்குப்பம், கடலூர்