சிவனொளிபாதமலைக்குப் போற பெடியளுக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இப்ப யாழ்ப்பாணத்திலயிருந்து வான் பிடிச்சு சிவனொளிபாதமலைக்குப் போற பெடியள் கூடிட்டினம், நல்ல விசயம்தான், எங்கட பக்கத்தில ஏறுறதுக்கு பனையை விட்டா வேற என்ன இருக்கு. ஆனா அது 2,243 மீற்றர் மலை, நல்லதண்ணிப் பக்கத்தால 5,000க்கு மேல படி, சூரியன் வாறதைப் பாக்கோணுமெண்டா நடுச்சாமத்திலயே ஏறத் தொடங்கோணும், இவை ரப்பர் செருப்போட ஒரு ரீசேட்டோட வெளிக்கிடினம். ஏறேக்க வேர்க்கும், உச்சியில விடியும்வரை குந்தியிருக்கேக்கதான் பல்லுக் கிடுகிடுக்கும்.

அதைவிடக் குப்பைதான் கவலை. படிக்கரைப் பற்றையெல்லாம் பிஸ்கற் பேப்பரும் நசுங்கின தண்ணிப் போத்தலும், சிலதுக்குள்ள அட்டை கடிக்காம காலில பூசக் கொண்டுபோன உப்புத்தண்ணி அரைவாசி அப்பிடியே கிடக்கு. 2010இல யுனெஸ்கோ உலக மரபுரிமையில சேர்த்த காடு ஐயா அது, களனி கங்கையும் களு கங்கையும் அந்தப் பக்கத்திலதான் உற்பத்தியாகுது. வான் ஒழுங்குபடுத்துற அண்ணையவை ஆளுக்கொரு சொப்பிங் பாக் குடுத்துவிட்டா என்ன, பெடியள் மாட்டம் எண்டு சொல்லமாட்டினம்.

மற்றது, மே மாத வெசாக் பௌர்ணமியோட மலையேறுற சீசன் முடிஞ்சிடும், பிறகு மழை, காத்து, படியில லைற்றும் இராது. அந்த நேரம் வெளிக்கிடாதேங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோண்டாவில்