பழைய வீடுகளை இடிக்காமல் குடியிருப்பாக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையின் மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் திண்ணையும் முற்றமும் தேக்குத் தூண்களும் கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைக் கண்டு மனம் நொந்து இதை எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீடு தரைமட்டமானது. கஜலட்சுமி உருவம் செதுக்கப்பட்ட அதன் வாசல் நிலை, பழைய மரக்கடை வண்டியில் ஏறிப் போனதை நின்று பார்த்தேன்.

பங்காளிகள் பெருகிவிட்டதால் ஒரே வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே இடிப்பவர்கள் சொல்லும் காரணம். அது உண்மையான சங்கடம்தான். ஆனால், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997ஆம் ஆண்டிலேயே அரசாணை வந்துவிட்ட நிலையில், மாடி வீட்டை இடித்துக் கட்டினாலும் பெரிதாக இடம் கூடிவிடாது. அதைவிட, முற்றத்தைப் பொதுவில் விட்டு, சுற்றியுள்ள பத்திகளையும் (நடைக்கூடங்களையும்) மாடி அறைகளையும் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்து, சமையலறை, கழிப்பறைக் குழாய்களைப் பின்கட்டோடு கொண்டுசெல்வதே மேல்.

பழுதுபார்ப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஓர் ஒப்பந்தக்காரர் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். இரண்டே மழைக்காலத்தில் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும் என்று பின்னர் வந்த வயதான கொத்தனார் விளக்கி, எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். அந்தச் சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக இருப்பதாலும், 1921இல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டில் கதர்க் கடை நடப்பதாலும் அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆள் புழங்காத வீட்டைத்தான் கறையான் பிடிக்கிறது.

வாகன நிறுத்துமிடம், பக்கவாட்டு இடைவெளி போன்ற புதிய கட்டட விதிகளைப் பழைய வீடுகளால் நிறைவேற்ற இயலாது. எனவே, முகப்பையும் முற்றத்தையும் காப்பவர்களுக்கு அந்த விதிகளைத் தளர்த்தி, சொத்து வரியிலும் சலுகை தர மாநகராட்சி முன்வர வேண்டும். எங்கள் தெருவில் மிஞ்சியுள்ள ஒரு வீட்டின் பங்காளிகள் தை மாதம் கூடி முடிவெடுக்க இருக்கிறார்கள். அதற்குள் ஓர் அறிவிப்பு வந்தால் அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாசி வீதி வாசகர், மதுரை