செண்டுவரைக்கும் வட்டவடைக்கும் ஒரு நன்றி மடல்

மூணாறு மலையில் செண்டுவரை, எல்லப்பட்டி தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் என் உறவுகளுக்கும், வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர் ஊர்ப் பெரியோர்களுக்கும், முதுவர் பழங்குடியினர் வாழும் குடிகளின் தலைவர்களான காணிமார்களுக்கும் வணக்கம்.

சோலைக்காட்டின் ஓரத்தில் உறைபனியும் மரக்கன்றுகளும் பற்றி நான் செய்து வந்த முனைவர் பட்ட ஆய்வு இந்த மாதம் நிறைவு பெற்றது. ஆய்வேட்டின் முகப்பில் என் பெயர் ஒன்றுதான் அச்சாகியிருக்கிறது. உள்ளே இருக்கும் அளவீடுகளில் பெரும்பகுதி உங்கள் கைகள் எடுத்தவை. அதை நீங்கள் வாசிக்கும் மொழியில், ஊரறிய எழுதி வைக்காமல் இந்த ஆய்வு முடிந்ததாக என் மனம் ஒப்பவில்லை.

நீங்கள் நாள்தோறும் பார்க்கும் காட்சிதான் என் கேள்வி. மலையின் மடிப்புகளில் சோலை இருக்கிறது. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே யாரோ வரப்பு வெட்டியதுபோல ஓர் எல்லை ஓடுகிறது. சோலை மரங்களின் விதைகளைப் பறவைகள் புல்லுக்குள் கொண்டுவந்து போட்டபடியேதான் இருக்கின்றன. பிறகு ஏன் அங்கே மரம் வளர்வதில்லை? தீயும் மேய்ச்சலும் காரணம் என்று சொல்வது வழக்கம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், புல்வெளி தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுவிட்டு உறைநிலைக்குக் கீழே போகிறது. சோலைக்குள்ளே இலைக்கூரை அந்த வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அங்கே பனி உறைவதில்லை. திறந்தவெளியில் முளைத்த சோலைக் கன்று அந்த ஓரிரவில் கருகிவிடுகிறது.

இதை அளப்பதற்காக முதல் ஆண்டில் வெப்பப் பதிவிகளைக் கம்பங்களில் கட்டி, பாடத்தில் படித்தபடி நெஞ்சளவு உயரத்தில் நிறுத்தினேன். என்னோடு வந்த முதுவ இனத்து வாச்சர் (வனக்காவலர்) அண்ணன் ஒன்றும் பேசாமல் கம்பம் நட உதவிவிட்டு, இறங்கும்போதுதான் சொன்னார்: "பனி இந்த ஒசரத்துல நிக்காதும்மா. அது பள்ளத்துல எறங்கிப் புல்லடியிலதான் படுக்கும்." மறுவாரம் புல்லின் அடியில் ஒரு பதிவியை வைத்தோம். மேலே இருந்த கருவி உறைநிலைக்கு மேல் காட்டிய அதே விடியலில், கீழே இருந்தது உறைநிலைக்குக் கீழே காட்டியது. கன்று நிற்பது அந்தக் கீழ்த்தட்டில்தான். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்று வகுப்பில் படித்தவள்தான் நான். ஆனாலும் அதை எங்கே தேட வேண்டும் என்று காட்டியவர் அவர். அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் மூன்றாவது அத்தியாயமே இல்லை. அண்ணனுக்கு என் முதல் நன்றி.

அடுத்ததாக, செண்டுவரை லயத்துப் பெரியம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அவர், வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பீன்ஸ் பனியில் கருகியதிலிருந்து, பேரனின் பழைய பள்ளி நோட்டில் நாள்தோறும் குறிப்பு எழுதி வருகிறார். நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட எழுந்து, கதவைத் திறந்து வாசல் புல்லைக் காலால் தொட்டுப் பார்ப்பார். மொறுமொறுவென்றால் 'வெள்ளை' என்று எழுதுவார். வெறும் ஈரமென்றால் ஒரு கோடு. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் ஒரு வட்டம். ஈரத்தில் மை ஊறிவிடும் என்பதால் எல்லாமே பென்சிலில். மூன்றாம் குளிர்காலத்தில் என் பதிவிகளில் நீர் புகுந்து, நான் காய்ச்சலில் கிடந்த நாட்களின் அளவுகள் முழுவதும் அழிந்துபோயின. விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த நாட்களில் எந்தெந்த விடியலில் பனி உறைந்தது என்பதைப் பெரியம்மாவின் நோட்டிலிருந்துதான் எடுத்தேன். கருவி ஒழுங்காக வேலை செய்த மற்ற நாட்களோடு அவருடைய 'வெள்ளை'களை ஒப்பிட்டுப் பார்த்து, அவை நம்பத்தக்கவை என்று உறுதி செய்த பிறகே சேர்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்; அவரே அப்படிச் செய்யச் சொன்னார்.

புல்வெளியைத் தரிசு என்று எழுதிய பழைய வழக்கத்தால் இந்த மலைகள் நிறைய இழந்திருக்கின்றன. வரையாடும், நீலகிரி நெட்டைக்காலிப் பறவையும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் அந்தத் தரிசில்தான் வாழ்கின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட வாட்டில் மரத்தின் கன்று, சோலைக் கன்றைக் கொல்லும் பனியைத் தாங்கிக்கொள்கிறது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கிறது. இரவுகள் வெப்பமாகிப் பனி குறையக் குறைய, புல்வெளியைக் காத்துவந்த காவல் தளரும். மரங்களுக்கு வழி திறந்தால் முதலில் நுழைவது வாட்டிலாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை. புல்லைச் சார்ந்த உயிர்கள் குளிர் தேடி மேலே போகலாம் என்றால், ஆனைமுடியே 2,695 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. வட்டவடைச் சரிவில் இறங்கும் நீர் அமராவதிக்குப் போய்க் கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. எனவே இந்தப் புல்லின் கதை மலைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டிய தங்கள் நிலத்தில் ஊற்று எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க என்னை அனுமதித்த கோவிலூர் விவசாயிகளுக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு கட்டுப் பூண்டு தராமல் அனுப்பாத அவர்கள் வீட்டு அம்மாக்களுக்கும் கைகூப்புகிறேன்.

ஒன்றை எழுதாமல் விட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியின் தேயிலைத் தோட்ட லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நான் இங்கே வேலையைத் தொடங்கியபோது, எல்லப்பட்டியில் ஒரு தாய், "நீங்க மழையும் அளப்பீங்களா? அளந்தா எங்களுக்கு முன்னாடியே சொல்வீங்களா?" என்று கேட்டார். என் ஆய்வு பனியைப் பற்றியது. அவருக்குத் தர என்னிடம் விடை இருக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பள்ளி வளாகத்தில் மழைமானி வைத்தோம். காலை 8.30 மணிக்கு முறை தவறாமல் அளந்து, கரும்பலகையில் எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவரும் பிள்ளைகளுக்கும், விடுமுறை நாளிலும் வந்து கதவைத் திறந்துவிடும் ஆசிரியருக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

அனுமதி தந்த கேரள வனத்துறைக்கும், என் நெறியாளருக்கும், அதிகாலை மூன்று மணிக்கு அழைத்தாலும் முகம் சுளிக்காமல் ஜீப்பை எடுத்த டாப் ஸ்டேஷன் அண்ணனுக்கும், ஐந்து பொங்கலை நான் இல்லாமல் கொண்டாடிய என் அம்மாவுக்கும் நன்றி.

அளவுகளை எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, செண்டுவரையிலும் கோவிலூரிலும் ஒவ்வொரு படி வைக்கப் போகிறேன். புல்லடிப் பதிவிகளைக் கழற்றவில்லை. வரும் குளிர்காலத்திலும் அவை அங்கேயே இருக்கும், வாச்சர் அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மாவின் நோட்டைப் படியெடுத்து முடித்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அதையும், ஒரு புது நோட்டையும், ஒரு பெட்டி பென்சிலையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்