மெடிக்கல் கவுண்டரில் நிற்பவர்களுக்கு: அந்த மூன்றாவது பாட்டிலை எடுக்கும் முன்

வணக்கம்.

"மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க" என்று ஒருவர் வருகிறார். நீங்கள் சீட்டு கேட்பதில்லை, அவரும் காட்டுவதில்லை. பத்து மில்லி பாட்டிலைக் கவரில் போட்டு, சில்லறை எண்ணிக் கொடுக்க அரை நிமிடம். அதே ஆள் அதே மாதம் மூன்றாம் முறை வரும்போதும் அதே அரை நிமிடம்தான். அந்த மூன்றாம் முறையைப் பற்றித்தான் இந்த மடல். ஆண்டுக்கணக்கில் மூக்கோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பலர் டாக்டரிடம் போவதற்கு முன்பே உங்களிடம் வந்துவிடுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

மூக்கின் இரு பக்கச் சுவர்களிலும் மேலிருந்து கீழாக மூன்று மடிப்புகள் உண்டு. கீழே இருப்பதுதான் பெரிது. ரத்தம் நிரம்பினால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இது வீங்கி நிற்பதைத்தான். நீங்கள் விற்கும் சைலோமெட்டாசோலினும் ஆக்சிமெட்டாசோலினும் அந்த மடிப்பின் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகின்றன. சில நிமிடங்களில் மூச்சு திறக்கிறது. எட்டு, பத்து மணி நேரம் நிம்மதி. ஐந்து நாட்களைத் தாண்டித் தொடர்ந்து போட்டால், பிடித்து வைத்த குழாய்கள் மருந்தின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. எட்டு மணி நேரம் நின்ற நிம்மதி நாலாகும், பிறகு இரண்டாகும். மருந்து இறங்கும் வேளையில் மடிப்பு முன்னைவிடப் பெரிதாக வீங்கும். இப்போது மூக்கை அடைப்பது சளியே அல்ல, சொட்டு மருந்துதான். ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று இதற்கு மருத்துவப் பெயரும் இருக்கிறது. பல பாட்டில்களில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடும் நாள்பட்டால் மூக்கின் உள்சவ்வைப் புண்படுத்தும். இத்தனை நாளுக்கு மேல் போடாதீர்கள் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டுத்தான் இருக்கிறது, எறும்பு படிக்கிற அளவு எழுத்தில்.

காய்ந்த மூக்கின் கதை இன்னும் சிக்கலானது. காற்று போகிறதா இல்லையா என்பதை மூளை அறிவது, உள்ளே நுழையும் காற்றின் குளிர்ச்சியைச் சவ்விலுள்ள நரம்பு முனைகள் உணர்வதால். சவ்வு வறண்டு பொருக்குத் தட்டிவிட்டால் அந்த உணர்வு மங்கிவிடும். வழி தாராளமாகத் திறந்திருந்தாலும் "அடைச்சிருக்கு" என்றுதான் ஆள் சொல்வார். அவருக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் காயும், இன்னும் அடைத்ததுபோல் தோன்றும். மெந்தால் குச்சியை உறிஞ்சியதும் மூக்கு திறந்தாற்போல் இருப்பதும் இதே சூட்சுமம்தான்: மெந்தால் குளிர்ச்சி நரம்பைத் தட்டி எழுப்புகிறது, அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தும்மலுக்குத் தரும் குளோர்பெனிரமின் மாத்திரையும் மூக்கைக் காய வைக்கும். மூக்கு வறட்சி என்று சொல்கிறவருக்கு அதை எடுத்து நீட்டாதீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாக்களுக்குச் சிறுநீரையே கட்டிவிடும்.

ஒரு மூக்குத்துளை அடைத்து மறுபக்கம் திறப்பதும், சில மணி நேரம் கழித்து இடம் மாறுவதும் நோயில்லை. சரம் (மூச்சோட்டம்) பார்க்கிறவர்கள் இதைக் கவனித்து சூரியகலை, சந்திரகலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கெய்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-ல் எழுதிவைத்ததும் இதைத்தான். இதற்கு மருந்து கேட்டு வருகிறவர்களும் உண்டு.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "எத்தனை நாளா போடறீங்க?" ஐந்து நாளுக்குள் என்றால் கொடுங்கள். அதற்கு மேல் என்றால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு வார்த்தை பேசுங்கள். பிரஷர், தைராய்டு, கண்ணழுத்த நோய் உண்டா என்றும் கேளுங்கள். கொடுக்கும்போது எண்ணைப் பாருங்கள். சைலோமெட்டாசோலினில் 0.1 சதவீதம் பெரியவருக்கு, 0.05 குழந்தைக்கு. ஆக்சிமெட்டாசோலினிலோ 0.05-தான் பெரியவர் மருந்து, 0.025 குழந்தைக்கு. "பாயின்ட் ஜீரோ ஃபைவ்" என்று பழக்கத்தில் எடுத்துக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும் உங்களுக்கு. பெரியவர் மருந்து கைக்குழந்தைக்குப் போனால் தூக்கம் சொக்கி, இதயத் துடிப்பு குறைந்து, மூச்சே தளரலாம்.

நிறுத்த வேண்டும் என்று சொன்னால் "ராத்திரி தூங்க முடியாதே" என்பார்கள். உண்மைதான், முதல் சில இரவுகள் மோசமாகவே இருக்கும். அதைக் கடக்க ஒரு வழி, ஒரு துளையில் மட்டும் முதலில் நிறுத்துவது. மறு துளையில் வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். நிறுத்திய பக்கம் ஓரிரு வாரத்தில் தானாகத் திறக்கும். பிறகு அடுத்த பக்கம். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் வீக்கம் கொஞ்சம் குறையும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்துவதற்கு முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் எளிது.

அந்த ஸ்பிரேயைத்தான் பலர் தப்பாக அடிக்கிறார்கள். புளூட்டிகசோனும் மோமெட்டசோனும் சொட்டு மருந்துபோல உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், தினமும் அடிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாள் "வேலை செய்யல" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பாட்டிலுக்கே வந்துவிடுவார். புது ஸ்பிரேயைக் குலுக்கி, நன்றாகப் புகைபோல வரும்வரை காற்றில் சில முறை அழுத்த வேண்டும். தலையை லேசாகக் குனிய வேண்டும், அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். வலது துளைக்கு இடக் கை, இடது துளைக்கு வலக் கை. முனை நடுத்தண்டை, அதாவது இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை, பார்க்காமல் அந்தந்தப் பக்கக் காதைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் மூக்கில் ரத்தம் வரும். மெதுவாக உள்ளிழுத்தால் போதும், விசில் அடிப்பதுபோல் உறிஞ்சக் கூடாது. கவுண்டரில் ஒரு காலிப் பாட்டிலை வைத்துக்கொண்டு இதைக் காட்ட ஒரு நிமிடம் ஆகாது.

வறட்சிக்கும் நாள்பட்ட சைனஸுக்கும் அடிப்படை உப்புநீர். கடையில் இருக்கும் 0.65 சதவீத சோடியம் குளோரைடு சொட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் உள்ளே கெட்டியாகிப் படிந்த சளியையும் பொருக்கையும் வெளியேற்றச் சொட்டு போதாது, கழுவ வேண்டும். அதற்கான பாட்டிலும் உப்புப் பொட்டலமும் விற்கிறீர்கள் என்றால் தண்ணீரைப் பற்றியும் சொல்லி விற்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-ல் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் நெக்லேரியா அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் வந்த அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளை இங்கே எல்லோரும் படித்திருக்கிறார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத கிருமி மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும்.

பொட்டலம் வாங்க வசதியில்லாதவருக்கு: அரை லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய முக்கால் டீஸ்பூன் பொடியுப்பு, கூடவே கால் டீஸ்பூன் ஆப்பசோடா. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். சிலருக்கு மேசையுப்பே உறுத்தும், அவர்கள் பொட்டலத்துக்கு மாறிக்கொள்ளலாம். நீர் இளஞ்சூடாக இருக்கட்டும். வாஷ்பேசின்மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, ஒரு துளையில் மெதுவாகப் பீய்ச்சினால் மறு துளை வழியே வரும். ஒரு பக்கத்துக்கு நூறு, நூற்றிருபது மில்லி போதும். முடிந்ததும் தலையைக் குனிந்து மிச்சத்தை வடித்துவிட்டு லேசாகச் சிந்தலாம். பலமாகச் சிந்தினால் நீர் காதுக்கு ஏறும். மூக்கு முழுதாக அடைத்திருக்கும் போதும் காது வலிக்கும் போதும் கழுவ வேண்டாம். ஸ்டீராய்டு ஸ்பிரே இருந்தால் கழுவிப் பத்து நிமிடம் கழித்து அடிக்க வேண்டும். முன்னால் அடித்தால் மருந்து வாஷ்பேசினுக்குப் போய்விடும்.

மூக்குக்கு எண்ணெய் ஊற்றுவது நம் வீடுகளில் பழைய வழக்கம், அதுவும் பச்சைக் குழந்தைகளுக்கு. அது நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகலாம். கேட்டு வருகிற அம்மாவிடம் "வேண்டாம்மா" என்று நீங்கள் சொன்னால் பாட்டிமார்கள்கூடக் கொஞ்சம் கேட்பார்கள்.

சளி பச்சையாக வருகிறது என்பதற்காக மூன்று நாள் அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். வைரஸ் சளியும் பச்சையாகும். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து மறுபடி ஏறினால் டாக்டர் பார்க்கட்டும். வாய்வழி பினைலெஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் வல்லுநர் குழு 2023-ல் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று பெட்டியில் அச்சிட நம் நாட்டிலும் உத்தரவு வந்தது. பழைய இருப்பைப் பார்த்து அதை மறந்துவிடாதீர்கள்.

சிலருக்கு எந்தப் பாட்டிலும் கொடுக்காமல் அனுப்ப வேண்டும். ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும், குழந்தைக்கு ஒரே பக்கம் நாற்றமடிக்கும் ஒழுக்கு (உள்ளே புளியங்கொட்டையோ மணியோ இருக்கும்), கண் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, அடிபட்ட பிறகு குனிந்தால் ஒரு பக்கம் தண்ணீராகச் சொட்டுவது, சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கு. கடைசியாகச் சொன்னது 2021-ல் நாம் பார்த்த கரும்பூஞ்சையாக இருக்கலாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.

இன்னொன்று, அலமாரி. சொட்டு மருந்து கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது, உப்புநீர்ச் சொட்டும் கழுவும் பாட்டிலும் எங்கோ மேல்தட்டில். இரண்டையும் இடம் மாற்றி வைக்க ஸ்டூல் ஒன்று போதும்.

இப்படிக்கு,
மூக்கடைப்போடும் மூக்கு வறட்சியோடும் வாழ்கிறவர்கள்