முன்னால் பாய் விரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வில்லுப்பாட்டில் 31 வருடமாகக் குடம் அடிக்கிறவன் நான். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரத்துக் கொடைகளுக்குத்தான், அதாவது கோயில் விழாக்களுக்குத்தான் அதிகம் போவோம்.

போன பங்குனியில் ஓர் அம்மன் கோயில் கொடை. மேடைக்கு முன்னால் இருபதடி இடத்தை வீடியோ எடுக்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். விளக்கு முழுக்க எங்கள் முகத்தில் அடித்தது. எதிரே ஆள் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இசக்கியம்மன் கதை பாதியில் இருக்கும்போது கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "பத்து மணிக்குப் பாட்டுக் கச்சேரி ஏறணும், சுருக்கிருங்க" என்றார். முன்னால் இருந்து கதை பாடும் எங்கள் புலவர் கதையை வெட்டினார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்க ஒருத்தர் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் குடத்துக்கு உட்கார்ந்த புதிதில் இதே கதையைப் பாடினோம். ராத்திரி ஒரு மணி இருக்கும். கதைநாயகி நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கும் கட்டத்தைப் புலவர் விட்டுவிட்டு மேலே போனார். முன்னால் பாயில் இருந்த ஒரு பாட்டி, "புலவரே, பிள்ளைய எங்க விட்டீரு?" என்று சத்தமாகக் கேட்டார். புலவர் வில்லில் அடிக்கும் வீசுகோலை நிறுத்தி, அந்தப் பாட்டியைக் கும்பிட்டு, திரும்பப் போய் அந்தக் கட்டத்தைப் பாடினார். கள்ளிக்கொம்பு அழுதபோது பாயில் இருந்த பெண்களும் அழுதார்கள்.

குடம் அடிக்கிறவனுக்கு ஒரு கண் புலவர் மேல் என்றால் இன்னொரு கண் எதிரே இருக்கிறவர்கள் மேல். சுடலைமாடன் கதையில் சாமியாடியின் தோள் லேசாக அசைவதைப் பார்த்துத்தான் குடத்து வாயில் நான் அடிக்கும் கமுகம்பாளைத் தட்டு வேகம் பிடிக்கும். அந்தத் தோள் தெரியாவிட்டால் நான் எதைப் பார்த்து அடிப்பேன்? எத்தனை பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் அது வராது.

மேடைக்குப் போனதால் வில்லு கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் மேடையில் வில்லிசை பாடிப் பேர் வாங்கியவர்தானே. மேடை இருக்கட்டும். கேட்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடை நடத்துகிற கமிட்டியாரிடம் கேட்கிறேன். கச்சேரி வேண்டுமென்றால் மறுநாள் வையுங்கள். வீடியோக்காரர்கள் ஓரமாக நின்று எடுக்கட்டும். மேடையை ஒட்டிப் பாய் விரித்து, கதை தெரிந்த பெரியவர்களை அதில் உட்கார வையுங்கள்; பக்கத்தில் அவர்கள் பேரப்பிள்ளைகளையும். நாங்கள் ஏதாவது விட்டுவிட்டுப் போனால் சத்தம் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடம் அடிப்பவர்,
ஈத்தாமொழி, கன்னியாகுமரி மாவட்டம்.